விடுதலையும் கரைச்சலும்

விமரிசனம் என்றால் கவிதையையும் நாவலையும் எடைபோடும் தொழில் மட்டுமே என எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். மக்கள் நாள்தோறும் எதைப் படித்துத் தம் வேலையைச் செய்கிறார்களோ, அதுவும் விமரிசகனின் கவனத்துக்கு உரியதே. இன்று ஓர் ஆசிரியரின் கண் அடிக்கடி சென்று தங்கும் எழுத்து எது? பாரதியின் பாட்டுமன்று, புதுமைப்பித்தனின் கதையுமன்று. கணினித் திரையின் மேல் விளிம்பிலே வரிசையாய் நிற்கும் 'கோப்பு', 'திருத்து', 'கருவிகள்', 'உதவி' என்னும் நாலைந்து சொற்களே. அவற்றை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவை கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகின்றனவா என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்பதற்கு உடனடியான காரணமும் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. எங்கள் பாடசாலைக் கணினி அறையில் இருப்பவை அத்தகைய பழைய இயந்திரங்கள். அவற்றைத் தூக்கி எறிவதா, ஆபத்தோடு ஓட்டுவதா, அல்லது லினக்ஸ் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமைக்கு மாற்றுவதா என்று அதிபர் ஆலோசனை கேட்டார். நான் தமிழ் படித்தவள். கணினி படித்தவள் அல்லள். ஆயினும், பிறருக்குச் சொல்வதை முதலில் தானே செய்து பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தினால் என் சொந்த மடிக்கணினியில் லினக்ஸை நிறுவினேன். சில மாதங்கள் அதனோடு மல்லுக்கட்டினேன். அந்த அனுபவத்தையும், அதையொட்டி நான் படித்த எழுத்துகளையும் ஒருங்கே வைத்து நோக்குகிறேன்.

* * *

நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவணைப் பரீட்சை நெருங்கிய நேரம். ஒன்பதாந் தரத் தமிழ் வினாத்தாளின் இரண்டு பக்கங்களைச் சக ஆசிரியை ஒருவர் தட்டெழுதி அனுப்பியிருந்தார். இரவு பதினொரு மணிக்கு அதைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பக்கம் நிறைய இறைந்து கிடந்தன. அவர் தட்டெழுதியது பாமினி எழுத்துருவில். என் புதிய முறைமையில் பாமினி இல்லை. வழிகாட்டிக் கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் சொன்னபடி எழுத்துருவைக் கொண்டுவந்து வைத்தேன். தமிழ் திரும்பி வந்தது. ஆனால் பக்க அமைப்புக் குலைந்து, நாலாவது வினாவின் விடைத் தெரிவுகள் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டன. அதைச் சீர்செய்து அச்சிடு என்றேன், அச்சுப்பொறி அசையவில்லை. அதனை ஆக்கிய கொம்பனி லினக்ஸுக்கென்று எதுவும் எழுதித் தரவில்லை என்பது நள்ளிரவுக்குப் பின்னரே தெரிந்தது.

விடிந்ததும் உட்துறைமுகப் பக்கத்துக் கொப்பிக் கடையொன்றுக்கு ஓடினேன். அங்கே வேறொரு வேடிக்கை. நான் யூனிகோட்டில் தட்டெழுதியிருந்த பக்கங்களுக்கு உரிய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாமையால், அது தன்னிடமிருந்த மற்றொன்றை எடுத்துப் போட, மூன்று பக்க வினாத்தாள் நான்கு பக்கமாகியது. கடைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏன் ரீச்சர் இந்தக் கரைச்சல்? பழையதிலேயே அடிச்சுக்கொண்டு வந்திருக்கலாமே."

அந்தப் பையனுடைய கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான விடை வேண்டும். நம்முடைய கட்டற்ற மென்பொருள் இலக்கியம் அந்த விடையைத் தருகின்றதா என்பதுதான் பிரச்சினை.

* * *

முதலில் குற்றம் எங்கே இருக்கின்றது என்று பார்க்கவேண்டும். பாமினியிலே எழுதப்பட்ட 'அம்மா' என்ற சொல் நம் கண்ணுக்குத்தான் அம்மா. இயந்திரத்தின் நினைவிலே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். 'தமிழ்' என்று நாம் படிப்பது அதற்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திவிட்ட ஏற்பாடு இது. போர்வையை எடுத்தால் உள்ளே தமிழ் இல்லை. யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டிலோ தமிழுக்கு 1991 முதலே தனியிடம் உண்டு. அங்கே 'அ' என்றால் எந்த இயந்திரத்திலும் எந்த நாட்டிலும் 'அ' தான். 2008இல் இலங்கையும் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழ்க் குறியீட்டுக்குத் தேசியத் தரம் வகுத்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோட்டை ஏற்றது. தரம் ஏட்டில் ஏறிவிட்டது. ஆயினும் வினாத்தாள்களும் படிவங்களும் சுற்றறிக்கைகளும் இன்றுங்கூடப் பாமினிப் போர்வைக்குள் என் கைக்கு வருகின்றன.

எங்கள் ஊர்த் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' என்னும் நாவல் 1895இல் வெளிவந்தது. நூற்றுமுப்பது ஆண்டு கழிந்த பின்னரும் அந்நூலைக் கையில் எடுப்பவர் எவரும் படிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. நம் ஆசிரியர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் எழுதிவைத்த பாடக்குறிப்புகளையோ, உரிய எழுத்துருவைத் தேடிப் பிடித்தாலன்றித் திறக்க முடியவில்லை. இதைப் பழைய விண்டோஸ் கணினி நம் கண்ணுக்குக் காட்டாது மறைத்துவைத்திருந்தது. லினக்ஸ் வந்து அந்த மறைப்பை விலக்கியது. வீட்டைப் பெருக்க வந்தவரைக் குப்பைக்குக் காரணர் என்று ஏசுவது போல, நாம் அதன்மேல் பழியைப் போடுகிறோம்.

ஆனால், இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். மற்றப் பாதி கசப்பானது.

* * *

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதினார். இவ்விரண்டின் சேர்க்கையால் உருவானதே நாம் பேசும் முறைமை. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், அதன் உள்ளமைப்பைப் பயிலலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்னும் நான்கு சுதந்திரங்கள் இவ்வியக்கத்தின் ஆதாரம். நம் தமிழ் அன்பர்கள் இதனை வெறும் கோஷமாக வைத்திருக்கவில்லை. ஊதியமின்றி, அலுவல் முடிந்த இரவுகளில், தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்துகொண்டு, கே.டி.ஈ., க்னோம் முதலிய மேசைச் சூழல்களைத் தமிழ்ப்படுத்தினார்கள். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் காத்துவரும் நூலகம் தளமும் கட்டற்ற மென்பொருளின் மேலேதான் நிற்கின்றன. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் லினக்ஸைப் பற்றித் தமிழில் எழுதுவதையே பணியாகக் கொண்டது. இவ்வுழைப்பைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமையில்லை.

உழைப்பை மதிப்பதென்பது அதன் விளைவை விமரிசிக்காது விடுவதன்று. தமிழாக்கப்பட்ட திரையை ஒரு நூலாகக் கொண்டு படித்துப் பார்த்தேன். 'சேமி' என்ற சொல் எத்தனை இயல்பு! நெல்லையும் காசையும் சேமித்தவர்களுக்கு எழுத்தைச் சேமிப்பது விளங்கும். 'கடவுச்சொல்' என்பது பழந்தமிழின் வாயிலில் இருந்து வந்து புதிய வாயிலில் நிற்கும் அழகான ஆக்கம். ஆனால் இந்நூல் ஒரே கையால் எழுதப்பட்டதன்று. பதிப்பாசிரியர் கையும் போதியளவு படவில்லை. ஓரிடத்தில் 'அடைவு' என்றிருப்பது பிறிதோரிடத்தில் 'கோப்புறை' ஆகிறது. முதற்பக்கம் தமிழில் இருக்கும். உள்ளே நுழைந்தால் பாதி ஆங்கிலம். எல்லாவற்றிலும் கொடுமை, ஏதேனும் பிழை நேரும்போது வரும் அறிவித்தல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. சுகமாய் இருக்கும்போது தமிழில் குசலம் விசாரித்துவிட்டு, நோய் வந்ததும் அந்நிய மொழியில் பேசும் வைத்தியரைப் போன்றது இது. தமிழ் மாத்திரம் அறிந்த மாணவன் கைவிடப்படும் இடம் இதுவே.

இன்னுமொன்று. எங்கள் மாணவர் பாடநூலில் படிப்பது 'பணிசெயல் முறைமை'. தமிழகத்து எழுத்துகளில் அது 'இயங்குதளம்'. ஒன்று சரி, மற்றது பிழை என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. திரையைத் தமிழாக்கியவர்கள் இரு கரைகளையும் கருத்திற் கொண்டார்களா என்பதே கேள்வி. திருகோணமலையிலும் கல்விப்பணி புரிந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இரு நாட்டுத் தமிழறிஞரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சொல்லைத் தீர்மானித்த மரபு நமக்குண்டு. அம்மரபு இத்துறையில் ஏன் தொடரவில்லை? காரணம், நம்போன்ற தமிழ்ப் பட்டதாரிகள் இதனைப் 'பொறியியலாளர் சமாசாரம்' என்று ஒதுக்கிவிட்டதே. கணினி அறிந்தவர்கள் தனியே மொழிபெயர்த்தார்கள். நாம் தூரத்தில் நின்று சிரித்தோம். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

* * *

அடுத்து, லினக்ஸைப் பற்றி எழுதப்படும் வழிகாட்டிக் கட்டுரைகள். நான் படித்தவற்றுள் பலவற்றுக்கு ஒரு பொது இலக்கணம் இருக்கிறது. 'மிகவும் எளிது' என்று தொடங்கும். மூன்றாவது பந்தியில் முனையம் என்னும் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஆங்கிலக் கட்டளை ஒன்றைத் தட்டச் சொல்லும். 'அவ்வளவுதான்' என்று முடியும். அக்கட்டளை பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாது. ஏற்கெனவே தெரிந்தவர், ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதியது அது. றெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது; தட்டச்சுப்பொறியில் பழகிய எம் ஊர் எழுதுவினைஞருக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆனால் அதைக் கண்டெடுத்து, உரிய பொதியை நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே அது வேலை செய்யும் என்பதை அறிய எனக்கு இரண்டு மாலைகள் செலவாயின. 'வெளியேறி நுழைக' என்ற இரண்டு சொற்களை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

முறையிட்டால் வரும் மறுமொழி வேறு. 'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்ற பழமொழியைச் சற்று நாகரிகமாகச் சொல்வார்கள். ஐயா, மேடை சில வேளைகளில் உண்மையிலேயே கோணலாய்த்தான் இருக்கிறது! அதை ஒப்புக்கொள்வதால் இயக்கத்துக்கு இழுக்கு வராது. மக்களின் சிரமத்தை மறைத்து எழுதுகிற எழுத்து, நோக்கத்தால் எத்துணை முற்போக்கானதாயினும் யதார்த்தமான எழுத்தாகாது. பாட்டாளி கதாநாயகனுக்குப் பசியே எடுக்காதபடி கதை எழுதுபவனை நாம் மன்னிப்போமா? இதையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும்.

மறுபக்கத்தில், இதெல்லாம் வீண் கரைச்சல் என்று கைகழுவுவோரின் வாதத்தையும் சோதிக்கவேண்டும். 'விண்டோஸ் எங்களுக்கு இலவசமாகத்தானே கிடைக்கிறது' என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொன்னது திருட்டுப் பிரதியை. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'பிறர் பொருளை எடுக்காதே' என்று காலைப் பிரார்த்தனையில் சொல்லிவிட்டு, முதற்பாட வேளையிலே களவெடுத்த பிரதியில் கல்வி புகட்டுவது எவ்வகை அறம்? அதைவிட முக்கியமானது இன்னொன்று. திருட்டுப் பிரதியை வைத்திருப்பவனும் அடிமையே. பூட்டின் அமைப்பை அவன் அறியமாட்டான்; உரிமையாளர் பூட்டை மாற்றும் நாளில் அவனும் வெளியே நிற்பான். கட்டற்ற மென்பொருளை ஒரு மாணவி தன் வீட்டுக்குப் படியெடுத்துச் செல்லலாம், சட்டப்படி செல்லலாம், அதனுள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கலாம். ஏழைப் பாடசாலைக்கு இவ்வுரிமையை விடப் பெரிய நன்கொடை எதுவுமில்லை.

* * *

எனவே விடுதலையும் உண்மை, கரைச்சலும் உண்மை. இவற்றை எவ்வாறு பொருத்துவது?

எங்கள் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. சீனக்குடாக் காட்டுக்குள்ளே வெள்ளையர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நின்றன. சுதந்திர நாட்டின் சொத்து என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகளாகக் குழாயிணைப்பின்றி, பராமரிப்பின்றி, கொடி படர்ந்து துருவேறிக் கிடந்தன. 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய்க் கொம்பனிக்குச் சென்றது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி 14 அக்கொம்பனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு முயற்சிக்கும் என்று பகிரப்பட்டன. உடைமை வேறு, பயன்பாடு வேறு என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எங்கள் ஊராருக்கு வேண்டாம். தாங்கி நம்முடையதானாலும் குழாயும் ஆளும் பயிற்சியும் இல்லாவிட்டால் அதில் ஒரு போத்தல் எண்ணெயும் நிற்காது. உரிமைப் பத்திரத்தில் இருக்கும் நான்கு சுதந்திரங்களும் அப்படியே.

குழாய் போடுவது தனியொருவரின் வேலையன்று. கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளையே தன் அடிப்படையாக்கிக்கொண்டது. 2017இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. அவர்கள் வெறும் வட்டுகளை விநியோகித்து நிற்கவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், பாடத்திட்டத்தோடு இணைத்தார்கள், தம் மொழிக்கும் வகுப்புக்கும் ஏற்ற லினக்ஸைத் தாமே தொகுத்தார்கள். இதற்கு எதிர்ப்புறத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரம். 2003இல் முடிவெடுத்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய அந்நகரசபை, 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. பிற அலுவலகங்களோடு ஆவணங்களைப் பரிமாறுவதிலுள்ள தொல்லை அங்கே எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்று. செல்வமிக்க நகரமே தடுமாறிய இடத்தில், சம்பளத்தில் கடன் போக மீதியை எண்ணும் ஆசிரியை ஒருத்தி நள்ளிரவில் தடுமாறினால் வியப்பென்ன? சுற்றியிருப்பவர் எல்லாரும் பூட்டிய கோப்பையே அனுப்பிக்கொண்டிருக்கையில், ஒருத்தி மட்டும் திறவுகோலைத் தூக்கிக்கொண்டு திரிவதில் பயனில்லை.

ஆகவே கடைப் பையனுக்கு என் விடை இது: தம்பி, இந்தக் கரைச்சல் என்னுடையதன்று, நம் எல்லாருடையதும். பழையதிலும் கரைச்சல் இருந்தது. அதை நாம் பழகிவிட்டபடியால் கரைச்சலாகத் தெரியவில்லை.

அதிபருக்குச் சொன்ன ஆலோசனை இன்னும் எளியது. கணினி அறையை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பாதி இயந்திரங்களில் தொடங்குவோம். அதற்கு முன், வினாத்தாள்களையும் குறிப்புகளையும் யூனிகோட்டிலேயே எழுதுவதென்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுப்போம்; பழையவற்றைப் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளால் மாற்றுவோம். இதற்கு லினக்ஸ்கூடத் தேவையில்லை, காசும் தேவையில்லை. அச்சுப்பொறி வாங்கும்போது அது இரு முறைமைகளிலும் இயங்குமா என்று கேட்டு வாங்குவோம். என் மடிக்கணினியில் இன்றும் இரண்டு முறைமைகளும் அருகருகே இருக்கின்றன என்பதையும் மறைக்காமற் சொன்னேன். தோல்வியென்று சிலர் இதைச் சொல்லலாம். கடந்துகொண்டிருக்கும் பாதையின் நடுவில் நிற்கிறேன் என்றே நான் கருதுகிறேன்.

தமிழ் படித்த நண்பர்களிடம் ஒரு வார்த்தை. திரையின் தமிழ் நன்றாயில்லை என்று நாம் குறைகூறுவது எளிது. அத்தமிழைத் திருத்தும் கதவு பூட்டப்படவில்லை. எவரும் உள்ளே சென்று ஒரு சொல்லைத் திருத்தி முன்மொழியலாம். வேறெந்த வணிகக் கொம்பனியின் திரையிலும் இவ்வுரிமை நமக்கில்லை. சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவிகள் நால்வரோடு இருந்து, ஆங்கிலத்திலேயே கிடந்த பிழை அறிவித்தல்கள் சிலவற்றைத் தமிழாக்கினோம். 'அச்சுப்பொறியைக் காணவில்லை' என்பதா, 'அச்சுப்பொறி கிடைக்கவில்லை' என்பதா என்று அரைமணி நேரம் விவாதம். "காணவில்லை என்றால் களவு போனமாதிரி இருக்கு ரீச்சர்" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதே சரி. இலக்கண வகுப்பில் இத்தனை மாதங்களாக வாய் திறவாதவள் அவள்.